அப்பாவின் முழங்காலும் கொச்சியில் ஒரு அரைநாளும்

கோவை
ஞாயிறு காலை

அன்புக் கண்ணுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஃபோனில் சொல்ல ஆரம்பித்தால் அப்பா பாதியில் பிடுங்கி அவர் கதையைச் சொல்லிவிடுகிறார். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்து வீட்டுப் பையன் ஃபோட்டோ எடுத்து அனுப்பித் தருகிறேன் என்றிருக்கிறான். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ பணம் கட்டி வைத்த கொச்சி அரைநாள் சுற்றுலாவுக்கு வியாழக்கிழமை போய் வந்தோம். நீ வெள்ளிக்கிழமைக்கு அல்லவா போட்டிருந்தாய்? மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. யூதர் கோயில் வெள்ளி, சனி இரண்டு நாளும் பூட்டு. பணம் வாங்கிக்கொண்டவர்கள் இதைச் சொல்லவே இல்லை பார். வழிகாட்டிப் பெண்தான் முன்கூட்டியே கூப்பிட்டு ஒரு நாள் முன்னுக்கு மாற்றித் தந்தாள். பாலக்காட்டுப் பெண். தமிழ் நம்மைவிட வேகமாகப் பேசுகிறாள்.

அப்பா கிளம்பும்வரை முறுக்கிக்கொண்டுதான் இருந்தார். "கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய்க் காட்டறதுக்கு நான் என்ன பால்வாடிப் பிள்ளையா?" என்றார். கைத்தடியைப் பெட்டிக்குள் துணிக்கு அடியில் வைத்து எடுத்து வந்தார், கையில் பிடிக்கவில்லை. ஒரே நாளில் மைசூர் முழுக்க ஓட்டமும் நடையுமாக நம்மை இழுத்துக்கொண்டு சுற்றிய மனுஷர். புளிசாதத் தூக்கைச் சுமந்தபடி நான் பின்னால் ஓடி வந்ததும், அரண்மனைப் படியிலேயே நீ தூங்கிப்போனதும் ஞாபகம் இருக்கிறதா? இந்த முறை எர்ணாகுளம் ஓட்டல் வாசலுக்கே எட்டரை மணிக்கு ஏசி கார் வந்து நின்றது. ஏறும்போது டிரைவர் சீட்டைப் பின்னுக்குத் தள்ளிக் கொடுத்தார். அப்பா ஒன்றும் பேசாமல் காலை நீட்டிக்கொண்டார்.

முதலில் கோட்டைக் கொச்சியில் சீன வலை. தேக்கும் மூங்கிலும் கட்டிய பெரிய ஏற்றம் மாதிரி, ஒரு முனையில் விரித்த வலை, மறுமுனையில் கயிறு கயிறாகத் தொங்கும் பாறாங்கற்கள். ஒரு ஆள் மரத்தின் மேல் நடந்து போனால் அவர் பாரத்துக்கே வலை தண்ணீரில் இறங்குகிறது. கல்லின் கனம் உதவ, நாலைந்து பேர் சேர்ந்து இழுத்து மேலே தூக்குகிறார்கள். சீன வியாபாரிகள் கொண்டு வந்தார்கள் என்றும், போர்த்துக்கீசியர் மக்காவிலிருந்து கொண்டு வந்தார்கள் என்றும் இரண்டு கதை சொல்கிறார்கள். அப்பாவுக்குக் கதை வேண்டாம், கல்லின் எடைதான் வேண்டும். மின்வாரியத்தில் முப்பது வருஷம் இருந்தவரில்லையா, "லிஃப்ட்டுக்கும் இதே கணக்குத்தான்" என்று எனக்கும் வழிகாட்டிக்கும் பாடம் எடுத்தார். அப்புறம் அவரும் கயிற்றைப் பிடித்து இழுத்தார்! வலையில் ஏறியது விரல் நீளத்தில் ஏழெட்டு மீனும் ஒரு பிளாஸ்டிக் கவரும்.

அங்கிருந்து பக்கத்திலேயே செயின்ட் பிரான்சிஸ் தேவாலயம். வாஸ்கோடகாமா 1524-இல் கொச்சியில் இறந்தபோது இங்கேதான் புதைத்தார்களாம். பதினான்கு வருஷம் கழித்து எலும்பை எடுத்துப் போர்ச்சுகலுக்குக் கொண்டு போய்விட்டார்கள். இப்போது இருப்பது கம்பித் தடுப்புக்குள் கல் மட்டும். போன வருஷம் லிஸ்பனிலிருந்து நீ ஒரு பெரிய மடத்துக்குள் கல் சமாதியை ஃபோட்டோ எடுத்து அனுப்பினாயே, அதே ஆள்தான். அப்பா ஃபோனில் அந்தப் படத்தைத் தேடி எடுத்துக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "காலி வீட்டை நாம பார்க்கறோம், குடி போன வீட்டை இவ பார்த்துட்டா" என்றார். நீ போன புதிதில், அங்கேயும் ஜன்னலை ஜனேலா என்கிறார்கள், சாவியை ஷாவ் என்கிறார்கள் என்று சிரித்தாயே, அதையும் வழிகாட்டியிடம் சொன்னேன். அலமாரி, மேசை என்ற சொற்களும் போர்த்துக்கீசியர் தந்ததுதான் என்று அவள் சேர்த்துச் சொன்னாள்.

கோயிலுக்குள் கூரையிலிருந்து நீளத் துணி விசிறிகள் தொங்குகின்றன. கயிறு சுவர் ஓட்டை வழியாக வெளியே போகிறது. வெளியே வெயிலில் நின்று ஆள் இழுத்தால் உள்ளே பிரார்த்தனை செய்பவர்களுக்குக் காற்று. இழுத்தவர்களுக்கு யார் வீசினார்களோ.

அடுத்த இடம் நீ அனுப்பிய பட்டியலில் சின்ன எழுத்தில் இருந்தது. தோபி கானா, சலவைத் துறை. நான் கடனே என்றுதான் இறங்கினேன், கடைசியில் என்னை வண்டியில் ஏற்ற அப்பா மூன்று முறை கூப்பிட வேண்டியதாயிற்று.

அங்கே வேலை செய்வது தமிழர்கள், கண்ணு. டச்சுக்காரர் காலத்தில், சிப்பாய்களின் உடுப்பை வெளுக்க நம் பக்கத்திலிருந்து கூட்டி வந்த வண்ணார்களின் வழி வந்தவர்கள். முந்நூறு வருஷமாகப் போகிறது, வீட்டில் இன்னும் தமிழ்தான். ஆளுக்கொரு அறை, அறைக்குள் ஒரு தொட்டி, ஒரு துவைகல். பின்னால் மைதானம் முழுக்கக் கொடி. கொடியில் ஒரு கிளிப் கிடையாது. இரண்டு கயிற்றை முறுக்கிக் கட்டியிருக்கிறார்கள், அந்த முறுக்கின் இடுக்கில் துணி முனையைச் செருகிவிட்டால் கடல் காற்றுக்கும் அசைவதில்லை. நானும் ஒரு தலையணை உறையைச் செருகிப் பார்த்தேன். இத்தனை வருஷம் கிளிப்புக்குக் கொடுத்த காசை நினைத்துக்கொண்டேன்.

இஸ்திரிக் கூடத்தில் ஒரு அம்மா, என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கும். சிரட்டைக் கரி போட்ட பெட்டி. அதைத் தூக்கிப் பார்க்கக் கேட்டேன், இரண்டு கையாலும்தான் தூக்க முடிந்தது. "டீச்சருங்களா?" என்று கேட்டார். எப்படித் தெரியும் என்றேன். "புடவை மடிப்பு சொல்லுதே" என்றார். பள்ளிக்கூடத்துக்கு முப்பது வருஷம் கஞ்சி போட்ட காட்டன் புடவை கட்டிய எனக்கு இதைவிட என்ன வேண்டும்? நான் ஜவ்வரிசிக் கஞ்சிதான் போடுவேன் என்றதும் முகத்தைச் சுளித்தார். "அது வறட்டுன்னு நிக்கும். அரிசிக் கஞ்சியை நல்லா நீர்க்க விட்டு, துணியில வடிகட்டிப் போடுங்க" என்றார். எந்த ஊர் உங்களுக்கு என்று கேட்டேன். "கொச்சிதான்" என்றார். அதற்கு முன்னால் என்றேன். "அதுக்கு முன்னாடியும் கொச்சிதான்" என்றார்.

மட்டாஞ்சேரி அரண்மனையைக் கட்டியது போர்த்துக்கீசியர், ராஜாவுக்குக் கொடுத்தார்கள். பிறகு பழுது பார்த்த டச்சுக்காரர் பேர்தான் அதற்கு நிலைத்துவிட்டது. பார்க்கிறதெல்லாம் மாடியில். அப்பா படியை ஒரு முறை பார்த்துவிட்டு, "நீ போய்ட்டு வா" என்று மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். கோபமில்லை, டிரைவரோடு பேச்சு. சுவர் முழுக்க ராமாயணம், தசரதன் வேள்வியில் தொடங்கி ராமன் அயோத்திக்குத் திரும்புகிறவரை. காவிச் சிவப்பும் பச்சையுமாக, ஒரு விரல் இடம் சும்மா விடாமல் எழுதியிருக்கிறார்கள். யாரும் "சீக்கிரம், சீக்கிரம்" என்று அவசரப்படுத்தாமல் ஒரு சுவருக்கு முன்னால் நான் நின்றது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அப்பாவிடம் இதைச் சொல்லிவிடாதே.

யூதர் கோயில் 1568-இல் கட்டியது. தரையில் சீனாவிலிருந்து வந்த நீலப் பூ ஓடுகள், ஒவ்வொன்றும் கையால் வரைந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேல் நடக்கவே கூச்சமாக இருந்தது. ஜனங்கள் பெரும்பாலும் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். தெருவில் ஏலக்காய் விலை கேட்டேன், வாங்கவில்லை.

சாப்பாடு கட்டணத்தோடு சேர்ந்தது என்றாய், சைவச் சாப்பாடு மட்டும்தான் சேர்த்தியாம். வாழையிலையில் மட்டை அரிசிச் சோறு, அவியல், தோரன், மோர்க்குழம்பு, புளியிஞ்சி. குடிக்க வெதுவெதுப்பாக இளஞ்சிவப்புத் தண்ணீர் வைத்தார்கள். அப்பா சாயம் என்று தள்ளி வைத்தார். பதிமுகப் பட்டை போட்டுக் கொதிக்க வைத்தது என்று தெரிந்ததும் மூன்று டம்ளர் குடித்தார். வாழையிலையில் சுற்றிச் சுட்ட கரிமீன் பொள்ளிச்சதுக்குத் தனிக் காசு கொடுத்தோம். இலையைப் பிரித்ததும் வந்த வாசனைக்கு, வியாழக்கிழமை விரதத்தில் இருக்கிற நானே ஒரு நிமிஷம் ஆடிப்போனேன். முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து இலை ஓரத்தில் வரிசையாக அடுக்கினார் உன் அப்பா.

திரும்பும்போது காரை விட்டுவிட்டு வாட்டர் மெட்ரோவில் போகலாமா என்று வழிகாட்டி கேட்டாள். 2023-இல் வந்தது, பேட்டரியில் ஓடுகிற ஏசி படகு. படகு என்றதும் எனக்கு பயம், இவர் முழங்காலோடு எப்படித் தாண்டி இறங்குவார் என்று. ஆனால் நிற்கிற மேடையே தண்ணீரில் மிதக்கிறது. ஏற்றமானாலும் வற்றமானாலும் படகும் மேடையும் ஒரே மட்டம். வீட்டு வாசலைத் தாண்டுகிற மாதிரி உள்ளே போனார். இரண்டு மணிக்கெல்லாம் ஓட்டலில் இருந்தோம்.

அன்று ராத்திரி தைலம் தேய்த்து விடும்போது கேட்டார், "லிஸ்பன் முழுக்க மேடும் படியும்னு சொன்னாளே, அங்கேயும் இப்படி அரைநாள் வண்டி இருக்குமா?" டூரிஸ்ட்டுகளை ஏற்றிக்கொண்டு ஆட்டோ ஓடுகிறது என்று நீ சொன்னதைச் சொன்னேன். "நம்ம ஆட்டோவா?" என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

ரெண்டு வருஷமாக நீ கூப்பிட்டபோதெல்லாம் முழங்காலைக் காட்டித் தட்டிக் கழித்தவர், நேற்று பீரோவைக் குடைந்து பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்தார். காலாவதியாகிக் கிடக்கிறது. புதுப்பிக்கப் போனால் ஆபீசிலேயே ஃபோட்டோ எடுத்துவிடுவார்களாம். அதற்கென்று நீலக் கட்டம் போட்ட காட்டன் சட்டையை என் முன்னால் வைத்து, "அந்தம்மா சொன்ன மாதிரி அரிசிக் கஞ்சி போடு" என்கிறார். உலை கொதிக்கிறது, போய்ப் பார்க்கிறேன்.

அன்புடன்,
அம்மா