கடலோர நடைப்பயணத்துக்கு ஒரு சோற்றுப் பொட்டலம்

வேதாரண்யம் பக்கத்து ஊர்க்காரர்களுக்கும், திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் வேலை பார்க்கிற நம்ம பிள்ளைகளுக்கும் வணக்கம். நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறோம், எங்களுக்குப் பணம் வேண்டும். எதற்கு, எவ்வளவு, யாரிடம் வாங்க மாட்டோம் என்பதையெல்லாம் கீழே சொல்லியிருக்கிறோம். படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறியது. அன்றைக்குச் சாய்ந்த தென்னைகளைப் பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. அதிலிருந்து எழுந்து நிற்பதற்குள் 2023 வந்தது. பிப்ரவரி தொடக்கத்தில், முற்றி அறுவடைக்கு நின்ற சம்பா பருவம் தப்பிய மழையில் தண்ணீருக்குள் படுத்தது, அதே வருஷம் மேட்டூர்த் தண்ணீர் போதாமல் கடைமடைக் குறுவை காய்ந்தது. நிலக்கரியும் எண்ணெயும் எரிந்து எரிந்து பூமி சூடாகிக்கொண்டே போகிறது, மழையின் கணக்கு தப்பிவிட்டது, கடலும் ஏறுகிறது. 1901லிருந்து 2018க்குள் உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது, அதாவது ஏறக்குறைய ஒரு சாண். மலையடிவாரத்தில் இருக்கிறவருக்கு ஒரு சாண் பெரிய விஷயம் இல்லை. கடலோடு ஒட்டிக் கிடக்கிற நம்ம நிலத்துக்கு அது வாய்க்கால் வழியே உப்பு உள்ளே வருகிற சாண்.

புயல் வந்தால் நிவாரணம் கேட்டு சாலையில் உட்காருகிறோம், கிடைத்ததோ கிடைக்கவில்லையோ பத்து நாளில் கலைந்துவிடுகிறோம். அடுத்த புயல் வரைக்கும் ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை. இதை மாற்றத்தான் இந்தக் குழு.

நம்ம மாவட்டத்திலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. தொண்ணூறுகளில் இறால் பண்ணைகள் வந்து வயலும் குடிநீரும் உப்பானபோது காந்திய வழியில் ஏழைகளுக்காக உழைத்த தம்பதி ஜெகந்நாதன் ஐயாவும் கிருஷ்ணம்மாள் அம்மாவும் கூலிவேலை செய்கிற பெண்களைத் திரட்டி சத்தியாகிரகம் நடத்தினார்கள், கை ஓங்காமல். உச்ச நீதிமன்றம் வரை போய் 1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்பும் வாங்கினார்கள், கடலோர ஒழுங்குமுறைப் பகுதிக்குள், அதாவது கடற்கரையை ஒட்டிக் கட்டுப்பாடு போட்டிருக்கிற நிலத்துக்குள் இருக்கிற பண்ணைகளை அகற்ற வேண்டும் என்று. அப்புறம் 2005ல் வந்த சட்டம் பண்ணைகளுக்கு மறுபடியும் வழிவிட்டது. எங்களுக்கு இதில் தெரிவது ஒன்றுதான், தீர்ப்பு கையில் இருந்தாலும் ஒவ்வொரு ஊரிலும் அதைக் காவல் காக்க ஆட்கள் வேண்டும். 2020ல் வந்த வேளாண் மண்டலச் சட்டத்தையும் அப்படித்தான் பார்க்கிறோம். டெல்டாவில் புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறு தோண்டக்கூடாது என்கிறது, நல்லது, ஆனால் ஏற்கெனவே ஓடுகிற கிணறுகளை அது தொடவில்லை.

சரி, வேலை என்ன என்றால், பன்னிரண்டு ஊர்களில் ஊருக்கொரு குழு. மீனவர், விவசாயி, உப்பளத் தொழிலாளி மூவரும் இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்கள். மாதம் ஒருமுறை கிணறுகளில் உப்பு அளந்து நோட்டில் எழுதுவது, கடல்நீரைத் தடுக்கிற கதவணை எங்கே உடைந்திருக்கிறது என்று படம் எடுப்பது, அலையாத்தி நாற்று போடுவது. அதோடு அறவழிப் பயிற்சி, இதைத்தான் மிக முக்கியமாக நினைக்கிறோம். சும்மா உட்கார்ந்தால் அது சத்தியாகிரகம் ஆகிவிடாது. யாராவது கெட்ட வார்த்தை சொல்லி இழுத்தாலும் வாய் திறக்காமல் இருப்பது எப்படி, கூட்டத்தில் ஒருத்தன் கல்லை எடுத்தால் பக்கத்தில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும், கைது செய்தால் வீட்டில் பிள்ளைகளை யார் பார்ப்பார்கள், இதையெல்லாம் முன்னாலேயே உட்கார்ந்து பேசிப் பழக வேண்டும். ஒரு கல் போதும், ஆறு மாத வேலை போய்விடும். கடைசியாக, ஏப்ரலில் நாகையிலிருந்து வேதாரண்யம் வரை ஊர் ஊராகத் தங்கி ஒரு நடைப்பயணம். அந்த உப்பு நோட்டுகளைக் கையில் எடுத்துக்கொண்டு போவோம்.

இதற்கு ஆகிற செலவு 3,60,000 ரூபாய். பாதிக்கு மேல் சாப்பாடும் பஸ் கட்டணமும்தான், பயிற்சிக்கு வருகிற பெண்களுக்கு அன்றைய கூலியும் இதில் அடக்கம், ஏனென்றால் ஒருநாள் நடவை விட்டுவிட்டு வா என்று வெறுங்கையோடு அவர்களைக் கூப்பிட எங்களுக்கு மனம் வரவில்லை. மீதி உப்பு அளக்கிற மீட்டர், நாற்று, நோட்டீஸ். வழக்கு வந்தால் வாய்தாவுக்குப் போய்வர 40,000 தனியாக வைக்கிறோம்.

எண்ணெய் நிறுவனங்கள், இறால் பண்ணை முதலாளிகள், கட்சிகள், இவர்களிடம் வாங்க மாட்டோம். மற்ற யாரிடமும் 5,000 ரூபாய்க்கு மேல் வாங்குவதில்லை. இதைச் சிலர் குறை சொன்னார்கள், வெளிநாட்டில் இருக்கிற ஒருவர் மொத்தத்தையும் தானே தருகிறேன் என்றார், மனசார நன்றி சொல்லிவிட்டு ஐயாயிரம் மட்டும் வாங்கிக்கொண்டோம். ஒருவர் பணத்தில் நடந்தால் அவர் நிறுத்தச் சொல்லும்போது நிற்க வேண்டிவரும்.

1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு உப்பெடுக்க வேதாரண்யத்துக்கு நடந்து வந்தார். தொண்டர்களுக்குச் சோறு போட்டாலோ திண்ணை கொடுத்தாலோ தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டிருந்தார். நம்ம ஜனங்கள் சோற்றைப் பொட்டலமாகக் கட்டி சாலையோர மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். யார் கட்டியது என்று யாருக்கும் தெரியாது, நடந்தவர்கள் பசியாறினார்கள். ராஜாஜி பெயர் சரித்திரத்தில் இருக்கிறது, அந்தப் பொட்டலம் கட்டிய பெண்களின் பெயர் இல்லை, ஆனால் அவர்கள் இல்லாமல் அந்த நடை வேதாரண்யம் வந்து சேர்ந்திருக்குமா என்று அடிக்கடி நினைத்துக்கொள்கிறோம்.

நூறு ரூபாயும் சரி, ஒரு மரக்கால் நெல்லும் சரி. ஊரில் இருப்பவர்கள் உங்கள் ஊர்க் குழுவில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், ரசீது இல்லாமல் யாரிடமும் கொடுக்க வேண்டாம். வெளியூரில் இருப்பவர்கள் ஊரில் இருக்கிற அம்மா அப்பா மூலம் கொடுக்கலாம், பெயர் போட வேண்டாம் என்றால் போடமாட்டோம். மாதத்தின் முதல் ஞாயிறு சாயங்காலம் ஒவ்வொரு ஊர்ப் பொதுத்திடலிலும் வரவு செலவை வாய்விட்டு வாசிப்போம், யார் வேண்டுமானாலும் எழுந்து கேள்வி கேட்கலாம். பணம் தர முடியாதவர்கள் நடைப்பயணம் உங்கள் ஊருக்கு வருகிற அன்று இரவு இரண்டு பேருக்குச் சோறும் படுக்கத் திண்ணையும் தர முடியுமா என்று மட்டும் சொல்லுங்கள், பெயரை எழுதிக்கொள்கிறோம்.