மன்றச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இதன் நகல் வாட்ஸ்அப்பில் போகும். படிப்பார்களா என்பது வேறு விஷயம்.

பொங்கல் விளையாட்டுப் போட்டி வழக்கம்போல் நடந்தது. ஆனித் தேரோட்டத்துக்குத் திருநெல்வேலி டவுனில் நீர்மோர்ப் பந்தல் போட்டோம். சுதந்திர தினத்தன்று கொடியேற்றி மிட்டாய் கொடுத்தோம். கண் பரிசோதனை முகாமுக்கு நல்ல கூட்டம்.

அப்புறம், ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையான பிள்ளைகளுக்கு வாசகசாலையில் நடக்கும் சனிக்கிழமை ஓவிய வகுப்பு. இதைப் பற்றி டீக்கடையில் என்ன பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். "ஒண்ணாங்கிளாஸ் புள்ளைக்கு வெள்ளக்காரன் படம் எதுக்குவே?" என்று ஓர் அண்ணாச்சி என்னிடமே கேட்டார். நேரில் கேட்டாரே, அந்த மட்டில் சந்தோஷம்.

பெரிய ஓவியர் ஒருவரின் படத்தைக் காட்டி, அதை அப்படியே வரையச் சொல்வதில்லை. அந்த ஓவியர் கையால் என்ன செய்தாரோ அதைப் பிள்ளைகளும் செய்து பார்க்கிறார்கள். பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் 1941இல் பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு முன்போல் நின்று வரைய முடியாமல், வண்ணம் பூசிய தாளைக் கத்தரியால் வெட்டி ஒட்ட ஆரம்பித்தார். 1953இல் அவர் செய்த 'நத்தை'யில் இருப்பதெல்லாம் சுற்றி ஒட்டிய வண்ணத் துண்டுகள்தான். நம் பிள்ளைகள் பழைய காலண்டரையும் கல்யாணப் பத்திரிகையையும் வெட்டி வாய்க்கால் நத்தை செய்தார்கள். "எனக்கு வரைய வராது" என்று சுவரோரம் உட்கார்ந்திருந்த பிள்ளைகள்கூட அன்று கத்தரிக்குச் சண்டை போட்டார்கள்.

பிரான்சில் செரா என்பவர் 1884இல் தொடங்கிய ஆற்றங்கரைப் படத்தைப் புள்ளி புள்ளியாக வைத்து முடிக்க இரண்டு ஆண்டு ஆனது. நாங்கள் பஞ்சுக் குச்சியால் சிவப்பும் மஞ்சளும் நெருக்கமாகத் தொட்டு வைத்தோம். வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தால் ஆரஞ்சு. நம்பாமல் திரும்பத் திரும்ப ஓடிப் பார்த்தார்கள்.

வெள்ளைக்காரர் மட்டும்தானா என்றால், இல்லை. வங்காளத்து ஜாமினி ராய் மேல்நாட்டு எண்ணெய் வண்ணத்தை விட்டுவிட்டு மண்ணிலிருந்து நிறம் எடுத்தார். திசையன்விளைப் பக்கத்துத் தேரிச் செம்மண்ணைச் சலித்து, புளியங்கொட்டைப் பசை கலந்து நாமும் மீன் கண் வைத்த பூனை வரைந்தோம். பசை காய்ச்சிக் கொடுத்தது பாட்டிமார்.

இதற்கு மன்றப் பணத்தில் ஆனது பசை, வண்ணம், சார்ட் அட்டைச் செலவு மட்டுமே. கணக்குக் கேட்டு முதலில் எழுந்த உறுப்பினரின் சந்தா இரண்டு வருஷமாகப் பாக்கி. பேர் சொல்லவில்லை. கூட்டத்துக்கு வராதவர்களும் பாக்கிக்காரர்களும் பெரும்பாலும் ஒரே ஆட்கள்தான். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு, கடன் ஏதும் இல்லை.

வாசகசாலைச் சாவி தந்து உதவியவருக்கும், ஒலிபெருக்கி தந்தவருக்கும், செயற்குழுவினர் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பிள்ளைகளைத் திருப்புடைமருதூருக்குக் கூட்டிப்போக ஆசை. நாயக்கர் காலத்துச் சுவரோவியம் அங்கே கோயில் கோபுரத்துக்குள்ளேயே இருக்கிறது. இத்தனை பக்கத்தில் இருந்தும் நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? மேலே ஏறக் கோயில் நிர்வாகத்திடம் அனுமதி கேட்க வேண்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். வேன் வாடகைக்குத் தனியாக நன்கொடை கேட்கும் உத்தேசமும் இல்லை. பாக்கிச் சந்தா வந்தாலே போதும். ரசீதுப் புத்தகத்தோடு பொருளாளர் வாசலில் உட்கார்ந்திருப்பார்.