முதலாண்டு மருத்துவர்களை முதல் வாரமே தயார்செய்யுங்கள்

ஆசிரியருக்கு,

கோவை, சேலம், பெருந்துறை மருத்துவக் கல்லூரிகளில் முதுநிலை முதலாண்டு சேரும் பிள்ளைகள், சேரும்வரை புத்தகத்தையே புரட்டுகிறார்கள். வார்டு கேட்பது கைப்பழக்கத்தை. நம் பக்கம் மழைக்காலத்தில் மஞ்சள், கரும்புக் காட்டிலிருந்து பாம்புக்கடியோடு வருவார்கள். புதுக் கண்ணாடிக் குழாயில் இரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைந்ததா என்று பார்க்க வேண்டும்; உறையாவிட்டால் விஷம் இரத்தத்தைத் தாக்கியிருக்கிறது என்று அர்த்தம். பிளாஸ்டிக் குழாயோ, சோப்புப் போட்டுக் கழுவிய குழாயோ என்றால் முடிவே தப்பாகிவிடும். இதையெல்லாம் சீனியர் பக்கத்தில் நின்று சொல்லித்தர வேண்டும், நடுராத்திரியில் தனியாகக் கற்றுக்கொள்ள விடக் கூடாது.

இதயம் நின்றவரைக் காப்பாற்றும் உயிர்காப்புப் பயிற்சியை முதலாண்டுக்குள் முடிக்கச் சொல்கிறது தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதி. சரி, அதை முதல் வாரத்திலேயே நடத்தலாமே! அதே விதி போதிய ஓய்வும் வார விடுப்பும் தரச் சொல்கிறது. மத்திய அரசின் 1992 உத்தரவோ இவர்களுக்கு வாரம் 48 மணி நேர வேலை என்றது. தூங்காத கண்ணோடு மருந்தளவு எழுதினால் ஆபத்து நோயாளிக்குத்தான். கல்லூரி முதல்வர்கள் பணிநேரப் பட்டியலை வார்டு வாசலில் ஒட்ட வேண்டும்.

– அரசு மருத்துவர் ஒருவர், ஈரோடு