குளுக்கோஸ் தண்ணீர் கொடுக்கும் முன் ஒரு கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கர்ப்பிணிகளுக்குச் சர்க்கரை பரிசோதனை ஏன் அவசியம் என்று நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் உடல் எடை குறைக்க ஆபரேஷன் செய்துகொண்ட பெண்களைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால் ஏன் இதைக் கேட்கிறேன் என்று புரியும்.

என் தங்கைக்கு மூன்று வருடம் முன்பு இரைப்பை பைபாஸ் ஆபரேஷன் நடந்தது. அப்போது 114 கிலோ இருந்தாள், பி.சி.ஓ.டி. என்கிற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை வேறு, மாதவிலக்கு ஒழுங்காக வராது. ஆபரேஷனுக்கு அப்புறம் நாற்பது கிலோவுக்கு மேல் குறைந்து, கல்யாணமும் ஆகி, இப்போது கர்ப்பமாக இருக்கிறாள். 26-ஆவது வாரம் செக்கப்புக்குப் போனபோது எல்லோருக்கும் கொடுப்பதைப் போல அவளுக்கும் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தார்கள். கூடப் போனது நானும் அவள் மாமியாரும். குடித்து இருபது நிமிடம் ஆகியிருக்காது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள், முகமெல்லாம் வியர்வை, நெஞ்சு படபடக்கிறது என்றாள், பாத்ரூமுக்கு ஓடினாள். திரும்பி வந்து பெஞ்சில் படுத்தவளுக்கு இரண்டு மணி நேரம் முடிவதற்குள் கை நடுங்க ஆரம்பித்தது, கேட்டால் பதில் குழறுகிறது. இரண்டாவது மணி நேரத்தில் எடுத்த ரத்தத்தில் சர்க்கரை 54, ரொம்பக் குறைவு. ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், "140-க்குக் கீழேதான் இருக்கு, உங்களுக்கு சுகர் இல்லைம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

எனக்கு மனசு ஆறவில்லை. ஆபரேஷன் செய்த இடத்து டயட்டீஷியனுக்கு போன் செய்தேன். அவர் பதறிப்போய், "இவங்களுக்கு அந்த டெஸ்டே செஞ்சிருக்கக் கூடாதே" என்றார். அவர் விளக்கியது இதுதான். பைபாஸ் ஆனவர்களுக்கு இனிப்புத் தண்ணீர் இரைப்பையில் தங்காமல் நேராகச் சிறுகுடலில் போய் விழுகிறது. உடம்பில் இருக்கும் நீரைக் குடல் இழுத்துக்கொள்வதால் வயிற்றுவலி, வியர்வை, படபடப்பு எல்லாம் வருகிறது, இதை டம்பிங் என்கிறார்கள். அப்புறம் சர்க்கரை அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் கிடுகிடுவென ஏறும், உடனே இன்சுலின் அளவுக்கு மேல் சுரந்து அதே வேகத்தில் இறக்கிவிடும். நம் ஊர் முறையில் ரத்தம் எடுப்பது இரண்டாவது மணி நேரத்தில் ஒரே ஒரு தடவை. ஏறியது யார் கண்ணிலும் படாது. ஆக அந்தப் பெண் துடித்ததுதான் மிச்சம், வந்த முடிவையும் நம்ப முடியாது. இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் ஆனவர்களுக்கும் இது வரலாம்.

இதற்கு மாற்று வழி புதிதும் இல்லை. 24 முதல் 28 வாரத்துக்குள் ஒரு வாரம், வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் வெறும் வயிற்றிலும் சாப்பாட்டுக்கு அப்புறமும் பார்க்கலாம் என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் 2009-லேயே சொல்லியிருக்கிறது. வெறும் வயிற்றில் 95-க்குள், சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் 140-க்குள் இருக்க வேண்டும். தங்கைக்கு அப்படிப் பார்த்ததில், காலையில் நாலு இட்லி சாப்பிட்ட அன்றெல்லாம் ஒரு மணி நேரத்தில் 160-ஐத் தாண்டியது. "சுகர் இல்லை" என்று அனுப்பப்பட்டவளுக்கு! மூன்று மாத சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்த டெஸ்ட் (எச்பிஏ1சி) போதாதா என்று கேட்டேன். ரத்தசோகை இருந்தால் அதுவும் தப்பாகக் காட்டுமாம், இந்த ஆபரேஷன் ஆனவர்களுக்கு இரும்புச்சத்து குறைவது சகஜம்.

யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், குளுக்கோஸ் டெஸ்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இதைக் கட்டாயமாக்க 2007-லேயே உத்தரவு போட்டது நம் தமிழ்நாடு, சர்க்கரை நோய் நிபுணர் டாக்டர் சேஷய்யா போன்றவர்கள் பாடுபட்டுக் கொண்டுவந்தது. மற்றவர்கள் அவசியம் செய்துகொள்ளுங்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். கர்ப்பத்தை அரசிடம் பதிந்து வாங்கும் பிக்மி நம்பருக்குப் பதியும்போது முந்தைய சிசேரியன், பிரஷர், தைராய்டு என்று எவ்வளவோ விசாரிக்கிறார்கள். "எடை குறைக்க இரைப்பையில் ஆபரேஷன் ஆகியிருக்கிறதா, என்ன வகை" என்பதையும் கேட்டு அட்டையில் எழுதிவிடுங்கள். கேட்கும்போது அந்தப் பெண்ணைத் தனியாகக் கேளுங்கள். என் தங்கை அன்று வாய் திறக்காததற்குக் காரணம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமியார்தான். பெண் பார்க்க வந்தபோது ஆபரேஷன் விஷயத்தை நாங்கள் சொல்லவில்லை. அது எங்கள் தப்பு, ஒத்துக்கொள்கிறேன், ஆனால் இப்படி மறைத்து வாழ்கிற பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் ஓடிப்போய் நர்ஸிடம் மெதுவாக "பைபாஸ் ஆனவள்" என்று சொன்னதற்கு அவர் இதய ஆபரேஷன் என்று நினைத்துக்கொண்டு ஈ.சி.ஜி. எடுக்கலாமா என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். இன்னொன்று, குளுக்கோமீட்டரும் ஒரு வாரத்துக்கான ஸ்ட்ரிப்பும் வாங்க முடியாதவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுக்க வேண்டும்.

தங்கைக்கு இப்போது 33-ஆவது வாரம். இட்லியை இரண்டாகக் குறைத்து, கூட முட்டையும் சுண்டலும் சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை சாப்பிடுகிறாள். இன்சுலின் இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மாமியாரிடமும் சொல்லிவிட்டோம், இப்போது அவர்தான் வேளாவேளைக்கு மணி பார்த்து விரலில் குத்திவிடுகிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, ஈரோடு