ஆச்சியின் கைரேகை

அன்புள்ள கணேசா,

இங்கே எல்லோரும் நலம். பேத்திக்குப் பெயர் வைத்தாயிற்றா இல்லையா? நீயும் உன் சம்பந்தியும் சண்டை போட்டு முடிப்பதற்குள் குழந்தையே வாய் திறந்து ஒரு பெயரைச் சொல்லிவிடப் போகிறது. மூர்த்தி முழங்கால் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டான். அதே வாய், அதே சத்தம்.

உட்கார்ந்து எழுதுவது முறுக்கு ஆச்சிக்காக. பதறாதே, நன்றாகத்தான் இருக்கிறார். எட்டாம் வகுப்பில் நீ வைத்த பாக்கியைக்கூட இன்னும் கேட்கிறார். போன மாதம் அவரை அரசமரத்தடியில் பார்த்தேன். முதியோர் பணம் கொடுக்க வரும் பேங்க் பெண் கைரேகை மெஷினை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆச்சி கட்டைவிரலை முந்தானையில் துடைத்து வைத்தார். சிவப்பு விளக்கு. ஆள்காட்டி விரல். மறுபடியும் சிவப்பு. பத்து விரலும் வைத்துப் பார்த்தாயிற்று. காலமெல்லாம் மாவு பிசைந்து, அச்சை அழுத்திப் பிழிந்து, எண்ணெய்ச் சட்டி முன்னால் வெந்த விரல்கள். ரேகை தேய்ந்து வழவழவென்று கிடக்கிறது. "அடுத்த மாசம் பார்க்கலாம் ஆச்சி" என்றாள் அந்தப் பெண். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன், அவள் கையில் இருப்பது அந்த மெஷின் மட்டும்தான். பணம் கணக்கில் பத்திரமாக இருக்கிறது. ஆச்சி அரிசிக்குக் கைமாற்று வாங்கிக்கொண்டிருக்கிறார்.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. 1962-லேயே மாதம் 20 ரூபாய் என்று முதியோர் ஓய்வூதியத்தை ஆரம்பித்த மாநிலம் நம்முடையது. 2011-ல் 1000 ஆக்கினார்கள், 2023 ஆகஸ்டில் 1200. மத்திய அரசின் பங்கைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது. 80 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு 2007-லேயே இருந்த அதே 200 ரூபாய் அப்படியே நிற்கிறது. இத்தனை வருஷத்தில் எந்த விலை ஏறாமல் நின்றது, சொல்? சரி, அதைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன்.

மணியார்டர் காலத்தில் போஸ்ட்மேன் வாசலுக்கு வந்து, மை ஒற்றி ரேகை வாங்கி, நோட்டை எண்ணிக் கையில் கொடுப்பார். அதில் அஞ்சு பத்து குறைந்த வீடுகளும் உண்டு. அந்தக் கசிவை அடைக்கத்தான் பேங்க் கணக்கு வந்தது, நல்லதுதான். ஆனால் வாசலுக்கு ஆள் வருவதும் அதோடு நின்றுவிட்டது. கேட்டால் பத்துத் திட்டம் சொல்கிறார்கள். திட்டத்துக்கும் கிழவிக்கும் நடுவில் ஓர் ஆள் வேண்டாமா?

ஆள் வந்தால் என்ன நடக்கும் என்பதையும் நம் தெருவிலேயே பார்க்கிறேன். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் வந்ததே, அதில் வரும் பெண் ஆச்சி வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து பிரஷர் பார்த்து, மாத்திரையை எண்ணிக் கொடுத்துவிட்டு, "சாப்பிட்டீங்களா" என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகிறாள். ஆச்சி மாத்திரையை விடாமல் போடுவது அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் என்று அடித்துச் சொல்வேன்.

கடலூர், நாகப்பட்டினம் பக்கம் சுனாமிக்குப் பிறகு ஹெல்ப்ஏஜ் இந்தியா என்ற தொண்டு நிறுவனம் முதியவர்களுக்கென்றே சுய உதவிக் குழுக்களை ஆரம்பித்தது. எழுபது வயதுக்காரர்கள் மாதாமாதம் சேமித்து, தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்து வாங்கி, ஆடு வளர்த்து, கருவாடு விற்று நிமிர்ந்தார்கள். கேரளத்தில் கோழிக்கோடு, மலப்புறம் பக்கம் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ள அக்கம்பக்கத்துச் சாதாரண ஜனங்களே பயிற்சி எடுத்துக்கொண்டு வாராவாரம் போகிறார்கள். அந்த வேலை வளர்ந்துதான் 2008-ல் அங்கே அரசே அதற்கென்று ஒரு கொள்கை அறிவித்தது. இதையெல்லாம் படிக்கப் படிக்க எனக்கு உட்கார இருப்புக் கொள்ளவில்லை.

அதனால் நானும் மூர்த்தியும் தையல்கடை அண்ணனும் ஞாயிற்றுக்கிழமை காலையில் நூலகத் திண்ணையில் உட்கார்கிறோம். ஆதாரில் வயது தப்பாக ஏறியவர்கள், இ-சேவைக்கும் தாலுகா ஆபீசுக்கும் அலைந்து ஓய்ந்தவர்கள், பாஸ்புக்கில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாதவர்கள் எல்லோரும் வருகிறார்கள். மூர்த்தி அதட்டினால் ஆபீசில் ஃபைல் கொஞ்சம் நகரத்தான் செய்கிறது. பெற்றோரைப் பிள்ளைகள் பராமரிக்க வேண்டும் என்ற 2007-ம் வருஷச் சட்டத்தை ஆச்சியிடம் சொல்லிப் பார்த்தேன். ஆர்.டி.ஓ.விடம், அதாவது வருவாய்க் கோட்டாட்சியரிடம், மனு கொடுத்தால் மகன் மாதம் 10,000 வரை கொடுக்க வேண்டும் என்று உத்தரவு போடலாம், வக்கீலும் வேண்டாம் என்றேன். ஆச்சி என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். "அவனை ஆபீசரு முன்னால நிறுத்தவாய்யா பெத்தேன்?" என்றார். அதற்கு மேல் நான் பேசவில்லை.

இப்போது உன் வேலைக்கு வருகிறேன். ரிசர்வ் வங்கி 2017 நவம்பரில், 70 வயது தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே போய்ப் பணம் கொடுக்க ஏற்பாடு செய்யச் சொல்லி வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. இங்கே கிளையில் கேட்டால் தலையைச் சொறிகிறார்கள். நான் கேட்டால் வெறும் பென்ஷன்காரன், நீ கேட்டால் ரிட்டயர்டு மேனேஜர். காலமெல்லாம் கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து எங்களையெல்லாம் காக்க வைத்தாயே, இந்தப் பக்கம் வந்து கொஞ்சம் நில்லேன். சுற்றறிக்கை நகல் ஒன்று எடுத்துக்கொண்டு இந்த மாதக் கடைசிக்குள் வா. திங்கட்கிழமை வந்தால் நல்லது, கிளையில் கூட்டம் இருந்தாலும் மேனேஜர் சீட்டில் இருப்பார். பஸ் நேரம் எழுது, நான் ஸ்டாண்டுக்கு வருகிறேன்.

உன்,
ராமு

பி.கு.: உன் மாடி வீட்டில் தனியாகக் குடியிருக்கும் அந்த அம்மாவைப் பற்றிப் போன கடிதத்தில் கவலைப்பட்டிருந்தாயே. 14567 என்று முதியோருக்கு இலவச உதவி எண் இருக்கிறது, காலை 8 மணி முதல் இரவு 8 வரை. எண்ணைச் சொல்லிவிட்டு வந்துவிடாதே, பக்கத்தில் உட்கார்ந்து நீயே போட்டுக் கொடு.