‘24 மீன்கள் வரை’ என்று அச்சிட்டிருப்பது குறித்த புகார்

அனுப்புநர்:
தங்கள் 2 அடி மீன்தொட்டியை வாங்கிய வாடிக்கையாளர்,
பெரம்பூர், சென்னை.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: தொட்டியில் விடத்தக்க மீன்களின் எண்ணிக்கையைத் தவறாக அச்சிட்டிருத்தல் – திருத்தமும் இழப்பீடும் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். கடந்த மே மாதம் 8ஆம் தேதி, என் மகளின் பிறந்தநாளுக்காக, தங்கள் நிறுவனத்தின் 2 அடி மீன்தொட்டியை ஃபில்டர், விளக்கு, மூடியுடன் ₹6,450 கொடுத்து வாங்கினேன். கண்ணாடியிலோ ஒட்டிலோ எந்தக் குறையும் இல்லை. இன்றுவரை ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. என் புகார் முழுவதும் அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில், கோல்டு ஃபிஷ் படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் இருக்கும் ‘56 லிட்டர் – 24 மீன்கள் வரை’ என்ற ஒரு வரியைப் பற்றியதே.

அந்த வரியை நம்பி மறுநாளே கொளத்தூர் வண்ணமீன் சந்தைக்குப் போய், 12 கோல்டு ஃபிஷ், 6 மோலி, 4 ஷார்க், 2 சக்கர் என்று எண்ணி 24 மீன்கள் வாங்கினேன். “தொட்டி எத்தனை அடி சார், தண்ணி ஊத்தி எத்தனை நாளாச்சு?” என்று கடைக்காரர் கேட்கத்தான் செய்தார், பெட்டியின் படத்தைக் கைபேசியில் காட்டி அவர் வாயை அடைத்தவன் நான்தான். மூன்றாம் நாள் காலையில் தண்ணீர் அரிசி கழுவிய நீரைப்போல வெளுத்திருக்க, கோல்டு ஃபிஷ்கள் அத்தனையும் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. ஆறு நாளில் 9 மீன்கள் செத்தன.

தங்கள் உதவி எண்ணை அழைத்தபோது, தண்ணீர் முழுவதையும் கொட்டிவிட்டு ஃபில்டர் பஞ்சையும் குழாய் நீரில் நன்றாகக் கழுவச் சொன்னார்கள். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை ஓரளவு தீங்கற்ற நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் குடியேறுவதே அந்தப் பஞ்சில்தான் என்பதும், புதுத் தொட்டியில் அவை பெருக 4 முதல் 6 வாரம் ஆகும் என்பதும், குழாய் நீரின் குளோரின் அவற்றைக் கொன்றுவிடும் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தன. மீன்தொட்டி விற்கும் நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு இவை தெரியாமல் இருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

இனி அந்த 24 என்ற எண்ணுக்கு வருகிறேன். தொட்டியின் மேற்பரப்பு 24க்கு 12 அங்குலம், அதாவது 288 சதுர அங்குலம். வெப்பநாட்டுச் சிறுமீன்களுக்கு, ஓர் அங்குல மீன் நீளத்துக்கு 12 சதுர அங்குல நீர்ப்பரப்பு வேண்டும் என்பது வளர்ப்போரிடையே உள்ள பழைய கணக்கு. 288ஐ 12ஆல் வகுத்தால் 24 வருகிறது. தங்கள் எண் இப்படித்தான் பிறந்தது என்பது என் ஊகம். ஆனால் கணக்கில் கிடைப்பது 24 அங்குல நீள மீன், அதுவும் முழுவளர்ச்சியில். அது பெட்டியில் ஏறும்போது 24 மீன்கள் ஆகிவிட்டது. கழிவு அதிகம் விடும் கோல்டு ஃபிஷுக்கு அதே கணக்கு அங்குலத்துக்கு 30 சதுர அங்குலம் கேட்கிறது. அப்படியானால் மொத்தம் பத்து அங்குலம்கூடத் தேறாது. பெட்டியில் தாங்கள் போட்டிருப்பதோ அந்த மீனின் படம்.

56 லிட்டர் என்பதும் கண்ணாடியின் வெளியளவைப் பெருக்கி வந்ததே. கூழாங்கல் பரப்பி, மேலே இரண்டு அங்குலம் விட்டு, 15 லிட்டர் வாளியால் நானே அளந்து ஊற்றினேன். இரண்டு வாளி முழுதாகவும் மூன்றாவதில் பாதிக்குச் சற்று மேலும்தான் பிடித்தது. 40 லிட்டரைத் தொடவில்லை.

இந்தக் கணக்குகளும் மெல்லிய உடல்வாகுள்ள சிறுமீன்களுக்குத்தான் பொருந்தும். 4 செ.மீ. குஞ்சு 16 செ.மீ. மீனாகும்போது நீளம் நான்கு மடங்குதான், ஆனால் எடை ஏறத்தாழ 64 மடங்கு. உண்பதும் கழிப்பதும் எடையோடு சேர்ந்து ஏறும். கடைகளில் விரல் நீளத்தில் கிடைக்கும் ‘ஷார்க்’ உண்மையில் பங்காசியஸ் என்னும் ஆற்றுமீன், ஒரு மீட்டருக்கு மேலும் வளரக்கூடியது. ‘தொட்டியைச் சுத்தம் செய்யும்’ என்று தலையில் கட்டப்படும் சக்கரும் ஓர் அடியைத் தாண்டும். இவற்றில் ஒன்றுக்குக்கூட 2 அடித் தொட்டி போதாது. இதோடு சென்னையின் கோடையையும் சேர்க்க வேண்டும்: 20 டிகிரி நீரில் லிட்டருக்கு சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும் என்றால், எங்கள் கூடத்தில் இருந்த 32 டிகிரி நீரில் 7 மில்லிகிராமைச் சற்றே தாண்டும். சூடும், போர் தண்ணீரின் காரத்தன்மையும் கூடக்கூட அம்மோனியாவின் நஞ்சும் ஏறும்.

இத்தனைக்கும், மீன்கள் நோயுற்றிருந்திருக்கும், தங்களுக்குப் பொறுப்பில்லை என்று இரண்டு வரியில் மின்னஞ்சல் அனுப்பிவிட்டீர்கள். பெரிதாகும் மீன்களை, சிமெண்ட் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் கொடுத்துவிட்டேன். மீந்த மோலிகளையும் கடையில் திருப்பிக் கொடுத்து, தொட்டியை ஆறு வாரம் பழக்கி, இப்போது 7 ஆண் கப்பிகளை மட்டும் விட்டிருக்கிறேன். அதே தொட்டியில், அதே ஃபில்டரில், அவை நன்றாகவே இருக்கின்றன. பெட்டியைப் பார்த்து மகள் இன்னும் 17 மீன் பாக்கி என்கிறாள்.

எனவே, இறந்த மீன்கள், தண்ணீரைச் சோதிக்கும் திரவம் ஆகியவற்றுக்கு நான் செலவிட்ட ₹1,870ஐத் திருப்பித் தருமாறும், இனி அச்சாகும் பெட்டிகளில் தலைக்கணக்கை நீக்கி, நிரம்பும் நீரின் உண்மையான அளவு, எந்த வகை மீன் முழுவளர்ச்சியில் எத்தனை, எத்தனை வார இடைவெளியில் விடுவது ஆகியவற்றை அச்சிடுமாறும், கடைகளில் இருக்கும் பெட்டிகளின்மேல் திருத்தச் சீட்டு ஒட்டுமாறும் கேட்டுக்கொள்கிறேன். தங்கமீன் படத்தையும் எடுத்துவிடுங்கள். 30 நாளுக்குள் எழுத்துமூலம் பதில் வராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன். ரசீது, பெட்டியின் ஒளிப்படம், தங்கள் மின்னஞ்சல் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்