நைட் மேட்ச்சும் ஞாயித்துக்கிழமை ஓட்டமும்

செப்டம்பர் 2025

அன்பு மகனுக்கு, அப்பா எழுதுறேன்.

ஃபோன்ல சொன்னா "சரிப்பா சரிப்பா"ன்னுட்டு பேச்ச மாத்திடுற, அதான் உக்காந்து டைப் பண்றேன், ஆபீஸ் ட்ரெயின்ல போறப்ப பொறுமையா படி. ஞாயித்துக்கிழமை லிவர்பூல் - பர்ன்லி ஃபுட்பால் மேட்ச் முடிஞ்சு நீ வீடியோ கால் பண்ணப்ப மெல்போர்ன்ல மணி ராத்திரி 1. அக்டோபர்ல வர்ற மெல்போர்ன் மராத்தானுக்காக அன்னிக்கு காலைல 28 கிலோமீட்டர் ஓடியிருக்க, மறுநாள் வேலை வேற. நம்ம லிவர்பூல் சாலா 95வது நிமிஷத்துல பெனால்டி போட்ட சந்தோஷத்துல நீ பாட்டுக்கு பேசிக்கிட்டே இருந்த, எனக்கு உன் கண்ணு ரெண்டும் உள்ள போயிருந்ததுதான் தெரிஞ்சது. அம்மா அன்னிக்கு ராத்திரி பூரா "புள்ள இளைச்சிட்டான்"னு அதையே சொல்லிக்கிட்டு இருந்தா.

மேட்ச் பாக்காதன்னு சொல்ல வரலடா. அத சொல்ற ஆள் நான் இல்ல. 2005ல இஸ்தான்புல்ல நடந்த சாம்பியன்ஸ் லீக் (ஐரோப்பா கிளப்புகளுக்கான போட்டி) ஃபைனல் நம்ம ஊர் டைம் ராத்திரி 12:15க்கு ஆரம்பிச்சப்ப உன்ன எழுப்பி உக்கார வச்சதே நான்தான், ஹாஃப் டைம்ல மிலன் 3-0, நீ அழுதுக்கிட்டே பாயில படுத்துட்ட, அப்புறம் ஜெரார்டு, ஸ்மிச்சர், அலோன்சோன்னு ஆறு நிமிஷத்துக்குள்ள மூணு கோல், பக்கத்து வீட்டுக்காரரு கதவ தட்டுற அளவுக்கு கத்துனோம். அந்த ஒரு ராத்திரிலதான் நீ லிவர்பூல் ஆன. ஆனா அது மே மாசம், ஸ்கூல் லீவு, மறுநாள் பத்து மணி வரைக்கும் தூங்குன. இப்ப உனக்கு அந்த பத்து மணி கிடையாது.

நான் கேரேஜ்ல நைட் ஷிஃப்ட் பாத்துட்டு சாயங்காலம் டிபார்ட்மெண்ட் மேட்ச் ஆடுனவன். தூக்கம் இல்லாத ஒடம்பு எப்படி இருக்கும்னு எனக்கு தெரியும். ஃபர்ஸ்ட் ஹாஃப்ல ஒண்ணும் தெரியாது, நல்லாத்தான் ஓடுவோம், செகண்ட் ஹாஃப்ல பந்து வர்றது கண்ணுக்கு தெரியும், கால் போகாது. அந்த மாதிரி நேரத்துலதான் முட்டி போகும், கணுக்கால் போகும். நீ ஓடுறது தொண்ணூறு நிமிஷத்தோட முடியாது, 42.195 கிலோமீட்டர். லாங் ரன்ல கிழிஞ்ச தசையெல்லாம் ஒட்டுறது ஆழ்ந்த தூக்கத்துலதான், நீ என்னதான் புரோட்டீன் பவுடர் கலக்கி குடிச்சாலும் தூங்கலன்னா பாதி வேஸ்ட். இன்னொண்ணு, ராத்திரி முழிக்கிறதுக்கு அந்த எனர்ஜி ட்ரிங்க் குடிக்கிறியே, காஃபீன் பாதி இறங்கவே அஞ்சு மணி நேரம் கிட்ட ஆகும், மேட்ச் முடிஞ்சு படுத்தாலும் எங்க தூக்கம் வரும்.

நீ அனுப்புன ட்ரெய்னிங் பிளானயும் லிவர்பூல் ஃபிக்ஸ்சரயும் பிரிண்ட் எடுத்து ஃப்ரிட்ஜ் கதவுல பக்கத்து பக்கத்துல ஒட்டி வச்சிருக்கேன். உங்கூர் டைம் சிவப்பு பேனா, நம்மூர் டைம் நீலம். அத பாக்க பாக்கத்தான் ஒரு விஷயம் புரிஞ்சுது, எல்லா மேட்ச்சும் உனக்கு எதிரி இல்ல. சாம்பியன்ஸ் லீக் மேட்ச் உனக்கு விடியக்காலைல 5 மணிக்கு, அது நல்ல நேரம்டா! இந்த வியாழக்கிழமை அட்லெடிகோ மேட்ச்சுக்கு முத நாள் ஒன்பதரைக்கே படுத்துடு, எப்படியும் அஞ்சு மணிக்கு எந்திரிச்சு ஓடுறவன்தான நீ, ஜிம்ல ட்ரெட்மில் முன்னாடி ஃபோன வச்சுக்கிட்டு மெதுவா ஓடிக்கிட்டே பாரு. ஆகஸ்ட்ல நியூகாசில் மேட்ச்சும் உனக்கு காலைல 5 மணிதான், அந்த 16 வயசு பையன் ங்குமோஹா 100வது நிமிஷத்துல கோல் போட்டான்ல, அன்னிக்கு நீ ஃப்ரெஷ்ஷா ஆபீஸ் போன. இஸ்தான்புல்ல காலட்டாசரே மேட்ச்சும் அக்டோபர் 1ஆம் தேதி அதே 5 மணிதான். உன்ன கொல்றது ராத்திரி 12ல இருந்து 4 வரைக்கும் வர்ற மேட்ச்தான், ஆர்சனல் மேட்ச் 1:30க்கு ஆரம்பிச்ச மாதிரி. ஸபோஸ்லாய் அடிச்ச ஃப்ரீ கிக் அழகுதான், ஒத்துக்கறேன், அத நீ ஏழு மணிக்கு எந்திரிச்சு பாத்திருந்தாலும் அதே அழகுதான்.

இப்ப முக்கியமானது. 20ஆம் தேதி எவர்ட்டன் மேட்ச் உனக்கு சனிக்கிழமை நைட் 9:30, மறுநாள் 21ஆம் தேதி பிளான்ல 32 கிலோமீட்டர், இருக்கிறதுலயே பெருசு அதான். ஒரே ஊர் டீம் ரெண்டும் மோதுற மெர்சிசைட் டெர்பிய விடுன்னு எந்த அப்பனும் சொல்ல மாட்டான். பாரு, பன்னண்டுக்குள்ள படுத்துடு, ஓட்டத்த எட்டு மணிக்கு வச்சுக்கோ. நீ விடியக்காலைலயே கிளம்புறது இங்க மெரினாவுல ஓடுன பழக்கம், இங்க ஏழு மணிக்கே வெயில் தோல உரிக்கும், அங்க செப்டம்பர்ல எட்டு மணிக்கும் குளிருதுன்னு நீதான சொன்ன, அப்புறம் எதுக்கு அஞ்சு மணி? எழுந்த ஒடனே ரெண்டு பிரெட்டு ஜாம், தண்ணி, அது இறங்குறதுக்கும் டைம் கிடைக்கும்.

அடுத்த வாரம் பேலஸ் மேட்ச் உனக்கு நடுராத்திரி 12. அதுக்கு மறுநாள் ஓட்டம் கம்மிதான், டேப்பர், அதான் ரேஸுக்கு முன்னாடி ஓட்டத்த குறைக்கிறது, ஆரம்பிச்சிடுது, ஆசையா இருந்தா பாரு. ஆனா செல்சி மேட்ச் கண்டிப்பா வேண்டாம். அன்னிக்கு ராத்திரிதான் விக்டோரியாவுல கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளுறாங்க, ரெண்டு மணி ஆனதும் மூணு ஆயிடும், மேட்ச் உனக்கு 3:30க்கு ஆரம்பிக்கும், ரேஸுக்கு சரியா ஒரு வாரம் இருக்கிறப்ப ஒரு ராத்திரி தூக்கம் மொத்தமா போயிடும். ஃபோன ஏரோபிளேன் மோடுல போட்டு படு. காலைல எழுந்து அந்த பொட்டானிகல் கார்டன சுத்தி இருக்கிற டான் ட்ராக்ல மெதுவா ரெண்டு சுத்து ஓடு, 3.8 கிலோமீட்டர்தான ஒரு சுத்து, ஆண்டர்சன் ஸ்ட்ரீட் மேட்டுல நடந்தே ஏறு. வீட்டுக்கு வந்து குளிச்சிட்டு ஸ்டான் ஸ்போர்ட்ல ரீப்ளே முழுசா பாரு, ஸ்கோர் தெரியாம பாத்தா லைவ்தான் அது. நான் இங்க சனிக்கிழமை நைட் 10 மணிக்கு பாத்துடுவேன், ஆனா உனக்கு ஒரு மெசேஜ் போட மாட்டேன், அம்மாகிட்டயும் சொல்லி வச்சிருக்கேன், உன் சித்தப்பாதான் குரூப்ல எதயாவது போட்டு விடுவாரு, அந்த குரூப்ப தொறக்காத.

ரேஸ் வர்ற வாரம் இன்டர்நேஷனல் பிரேக், பிளேயருங்க அவங்கவங்க நாட்டு டீமுக்கு ஆட போயிடுவாங்க, லிவர்பூல் மேட்ச்சே கிடையாது. இது எனக்கு அவ்வளவு நிம்மதி.

ஜெர்சி விஷயம். ஜூலைல கார் விபத்துல இறந்துபோன நம்ம லிவர்பூல் பிளேயர் ஜோட்டாவோட 20ஆம் நம்பர் போட்டுக்கிட்டுதான் ஓடுவேன்னு சொன்னப்ப எனக்கு தொண்ட அடச்சிடுச்சு. கல்யாணம் ஆகி ரெண்டு வாரம் கூட ஆகல, மூணு சின்ன புள்ளைங்க, தம்பியும் கூடவே போயிட்டான். கிளப்பே அந்த நம்பர இனிமே யாருக்கும் குடுக்கறது இல்லன்னு எடுத்து வச்சிட்டாங்க. போட்டுக்கிட்டு ஓடு, ஆனா மொத தடவயா ரேஸ் அன்னிக்கு போடாத, இந்த 32 கிலோமீட்டர்லயே போட்டு பாரு. முதுகுல நம்பர் ஒட்டியிருக்கிற எடத்துல காத்து போகாது, வேர்வ தேங்கும், அக்குள்லயும் மாருலயும் உரசி ரத்தம் வரும், வாசலின் நல்லா தடவிக்கோ.

கடைசில நீ ஓடி முடிக்கிறது எம்சிஜி கிரவுண்டுக்குள்ளங்கிறத நெனச்சா எனக்கு இப்பவே படபடப்பா இருக்கு. 2013ல லிவர்பூல் அங்க வந்து மெல்போர்ன் விக்டரிகூட ஆடுனப்ப 95,446 பேரு, பாதி கிரவுண்டு செவப்பு, ஜெரார்டு ஒரு கோல், ஆஸ்பாஸ் ஒரு கோல், நீயும் நானும் இங்க ஹால்ல உக்காந்து பாத்தோம், "ஒருநாள் அங்க போவேன்பா"ன்னு நீ சொன்ன. உள்ள நுழையறப்ப வாட்ச்ச பாக்காத, நிமிந்து ஸ்டாண்ட பாத்து ஓடு.

ட்ராக்கிங் லிங்க்கும் பிப் நம்பரும் (நெஞ்சுல குத்திக்கிற ரேஸ் நம்பர்) முன்னாடியே அனுப்பிடு, நீ கிளம்புறப்ப இங்க நடுராத்திரி, நாங்க முழிச்சிருப்போம். வலது முட்டி இப்ப எப்படி இருக்கு, அத மறைக்காம சொல்லு.

அப்பா